டின்னுக்குப் போர்த்திய கம்பளி

எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி பிறந்துவிட்டால் விருத்தாசலம் ஜங்ஷனில் டீ குடிக்க நிற்பவர்களில் பாதிப் பேர் காதை மூடி மப்ளர் சுற்றியிருப்பார்கள், மீதிப் பேர் துண்டு சுற்றியிருப்பார்கள். விடியற்காலைப் பனியில் பழமலைநாதர் கோயில் கோபுரம் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். வெயில் ஏறியதும் கோபுரம் திரும்பி வரும், மப்ளர்கள் கழன்று தோளுக்கு வரும். அவ்வளவுதான் எங்கள் குளிர். இந்தக் குளிருக்குப் பயந்து ஒரு பெயிண்ட் டின்னுக்குக் கம்பளி போர்த்தி, கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு வைத்திருந்த மனிதர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். பெயிண்டர் மிக்கேல்.

நான் சொர்ணாம்பாள். ஜங்ஷன் ரோட்டில் வண்டிகளுக்கு அடிக்கிற பெயிண்ட் விற்கும் கடை என்னுடையது. மிக்கேலின் பட்டறை எனக்கு நேர் எதிரே. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு கம்பம், மேலே தகரம், மூன்று பக்கம் தார்ப்பாய், பின்னாலேயே ஒட்டினாற்போல் வீடு. ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. வாங்கப் போகிற ஆட்டோக்கள் அழுக்காக உள்ளே நுழைந்து புதுமாப்பிள்ளையாக வெளியே வரும். கைவேலை சுத்தம். அதில் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவருடைய கண்டிப்பைத்தான் பொறுக்க முடியாது.

அடித்த பெயிண்ட் காய்ந்ததா என்று வண்டிக்காரர்களுக்கு விரலை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மிக்கேல் எங்கே இருந்தாலும் அங்கிருந்தே கத்துவார்.

"யோவ்! அது என்னா தோசையா, வெந்துச்சான்னு தொட்டுப் பாக்க? கைய எடுய்யா!"

ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒருவர் ஒருமுறை தன் சொந்தக் காரைத் தொட்டுவிட்டு இப்படித் திட்டு வாங்கினார். அந்தக் கதவை மிக்கேல் மறுபடி முழுக்கத் தேய்த்து, முழுக்க அடித்துத்தான் கொடுத்தார். ஒரு விரல் தடம் பட்ட வண்டி அவர் பட்டறையை விட்டு வெளியே போகாது. ஒரு கொசு உட்கார்ந்து எழுந்த தடம்கூடப் போகாது.

மார்கழி வந்தால் இந்தக் கண்டிப்பு இரண்டு மடங்காகும். கார்த்திகை தீபம் முடிந்த நாளிலிருந்து பொங்கல் வரை மிக்கேல் பெயிண்ட் பீய்ச்சுகிற கன்னைக் கையில் எடுக்க மாட்டார். ஒடுக்கு எடுப்பார், பள்ளம் நிரப்பப் பட்டி போடுவார், தேய்ப்பார். பெயிண்ட் மட்டும் அடிக்க மாட்டார். காரணம் கேட்டால் ஒரு பிரசங்கம் கிடைக்கும். தகரம் சில்லிட்டுக் கிடக்கும்போது பெயிண்ட் அடித்தால், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்து, காலையில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். "பெயிண்டு பூத்துடுச்சி" என்பது எங்கள் தொழிலில் சாவுச் செய்தி சொல்வது போல. குளிரில் பெயிண்ட் கெட்டிப்படும். கெட்டிப்பட்டதே என்று இளக்குவதற்குத் தின்னரை அதிகமாக ஊற்றினால் அடித்த இடத்திலிருந்து வழியும். இத்தனையும் உண்மைதான். பெயிண்ட் விற்கிறவள் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த டின்களை அவர் பராமரிக்கிற அழகு இருக்கிறதே! சாயங்காலமானால் எல்லா டின்களையும் சிமெண்ட் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் வைப்பார். தரையின் குளிர் டின்னின் அடிவயிற்றில் ஏறுமாம். மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, அடியில் வண்டல் தங்காமல் இருக்க அடிக்கடி தலைகீழாகத் திருப்பி வைப்பார். தன் டின்களோடு நிற்காமல் என் கடைக்கும் மேற்பார்வைக்கு வந்துவிடுவார்.

"ஷட்டர் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கீங்களே அக்கா, ராவுல பனி அடிக்காது?"

"எனக்கும்தான் பனி அடிக்குது மிக்கேலு. என்னை யாரு உள்ள தள்ளி வெக்கறா?"

சிரிக்க மாட்டார். டின்களை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் போவார்.

இவருக்கு வாய்த்த மனைவி ரெஜினா. அவளும் பெயிண்டர்தான். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பொம்மை யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் உதடும் எழுதுவாள். கிருஷ்ணருக்கும் மாதாவுக்கும் ஒரே கையால் கண் திறந்து வைப்பவள். அவள் ஒரு கூடை பொம்மையை முடிக்கிற நேரத்தில் மிக்கேல் ஒரு டின் மூடியைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று நான் சொன்னால், அவர் கோபித்துக்கொண்டு அன்றைக்குத் தின்னரை வேறு கடையில் வாங்குவார்.

யூனிட்டுக்குப் போய்வர ரெஜினாவுக்கு ஒரு ஸ்கூட்டர் அமைந்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு டீச்சர் ஓட்டியது. கியர் கிடையாது, முழுக்கத் தகரம், எஞ்சின் தங்கம். பெயிண்ட் மட்டும் வெளிறிப் போயிருந்தது. வீட்டிலேயே பெயிண்டர் இருக்கும்போது என்ன கவலை? மிக்கேல் சந்தோஷமாகப் பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி போட்டு, பிரைமர் அடித்துச் சாம்பல் நிறத்தில் நிறுத்தினார். ரெஜினா தன் யூனிட்டிலிருந்து ஒரு பீங்கான் மயிலைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரோடு புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள். கடைக்காரரிடம் மயிலின் கழுத்தைக் காட்டி, "இந்தக் கலரு" என்றாள். அந்த மனிதர் நீலத்தில் கொஞ்சம் பச்சை, பச்சையில் கொஞ்சம் கறுப்பு என்று கண்ணளவில் கலந்து, கழுத்தையும் டின்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு டின் மயில் நீலம் போட்டுக் கொடுத்தார். என் கடை எதிரில் இருக்கப் புதுச்சேரி வரை போனார்களே என்று எனக்கு ஆத்திரம்தான். அந்தக் கலரைப் பார்த்ததும் ஆத்திரம் போய்விட்டது.

அந்த டின் மூன்று வருஷமாகத் திறக்கப்படவில்லை.

சித்திரையில் கேட்டால் புழுதிக் காற்று. ஆடியில் கேட்டால் அதைவிடப் பெரிய காற்று. ஐப்பசியில் மழை. மார்கழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடுவில் நல்ல மாதம் ஒன்று வந்தால் எஃப்.சி. ஆட்டோக்கள் வரிசையில் நிற்கும். ஸ்கூட்டர் சாம்பல் நிறத்திலேயே யூனிட்டுக்குப் போய்வந்தது. கூட வேலை செய்யும் பெண்கள் "சாம்பலு வருது" என்றுதான் சொல்வார்கள். டின் மட்டும் ராஜ வாழ்க்கை வாழ்ந்தது. ரெஜினாவின் அண்ணன் அவள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த கம்பளி ஒன்று இருந்தது. குளிர் தொடங்கியதும் மிக்கேல் அதை எடுத்து டின்னைச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்.

"பெயிண்டுக்குக் கம்பளி, பொண்டாட்டிக்குப் பழம்பொடவ. நீங்களே கேளுங்க அக்கா" என்று ரெஜினா என் கடை வாசலில் வந்து நிற்பாள்.

"உன் வண்டிக்கு வாங்கின பெயிண்டுதான?" என்பார் மிக்கேல், எதிர்ப்பக்கத்திலிருந்தே.

"உங்க பெயிண்டுக்கு ஏத்த மாசம் காலண்டருல இன்னும் அச்சடிக்கல."

புது வருஷத்தன்று பூசை முடிந்ததும் எங்கள் ஊர் மாதா கோயில் வாசலில் வண்டிகளை மந்திரிப்பார்கள். சைக்கிள் முதல் டிராக்டர் வரை கழுவி, மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். நான் அந்தக் கோயிலுக்குப் போகிறவள் கிடையாது. என்றாலும் அந்த வரிசையில் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் என் பெயிண்ட் என்பதால் போய்ப் பார்ப்பேன். 2006 பிறந்த அன்று, ஊருக்குப் புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் ரெஜினாவின் ஸ்கூட்டர் முன் நின்று, வெகு அன்பாக, "இதுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலையாம்மா? நம்ம மிக்கேல்கிட்ட சொன்னா நல்லா அடிச்சுத் தருவாரே" என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. மிக்கேலும் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. ரெஜினா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "அடுத்த புது வருசத்துக்கு இது கலரோட அங்க நிக்கணும். இல்லன்னா வித்துட்டு நடந்தே வேலைக்குப் போறேன்."

சொல்லிவிட்டால் ரெஜினா செய்வாள். அவளுடைய யூனிட்டில் சூப்பர்வைசர் ஆதிநாராயணன் தன் மகளுக்காக ஒரு ஸ்கூட்டர் தேடிக்கொண்டிருந்தார். கார்த்திகையில் அவரிடம் பேசி முடித்தும்விட்டாள். புது வருஷம் பிறந்த மறுநாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. அதற்குள் வண்டிக்குக் கலர் ஏறிவிட்டால் பேச்சு ரத்து.

மிக்கேலுக்கு ஒரு முழு வருஷம் இருந்தது. அந்த வருஷத்திலும் புழுதி இருந்தது, காற்று இருந்தது, மழை இருந்தது, ஆட்டோக்கள் இருந்தன. கிறிஸ்துமஸும் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை நான் கடை வாசலைப் பெருக்க வந்தபோது எதிரே ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு பனி. பனிக்குள்ளிருந்து கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.  ஓடிப்போய்ப் பார்த்தால், பல்பு வெளிச்சத்தில் மிக்கேல் கன்னும் கையுமாக நிற்கிறார்.

"மிக்கேலு! மார்கழியப்பா!"

"பேசாதீங்க அக்கா, கை ஆடும். ரெஜினா பூசைக்குப் போயிருக்குது. வரச்ச பாக்கணும்."

அவள் திரும்பி வரும்போது வண்டி நீலமாக நிற்க வேண்டும் என்று ஆசை. ஆசை வந்ததும் இத்தனை வருஷப் பிரசங்கமும் மறந்துவிட்டது. பெயிண்ட் குளிரில் கெட்டியாக இருந்ததாம், தின்னரைத் தாராளமாக ஊற்றிவிட்டார். பனிக்காலத்துக்கென்று மெதுவாகக் காய்கிற தின்னர் என் கடையில் இருக்கிறது. சீக்கிரம் காய வேண்டுமே என்று சட்டென்று காய்கிறதை ஊற்றியிருந்தார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கன்னைப் பிடுங்கிக்கொண்டு துரத்தியிருப்பார்.

முதல் ஐந்து நிமிஷம் நீலம் நீலமாகத்தான் இருந்தது. மயில் கழுத்தேதான். அப்புறம் எங்கள் கண்ணெதிரிலேயே அது மங்க ஆரம்பித்தது. மூச்சுவிட்ட கண்ணாடி போல மேலெல்லாம் வெள்ளை பூத்து வந்தது. கீழே இரண்டு இடத்தில் வழியவும் செய்தது. மிக்கேல் கன்னைத் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

ரெஜினா தலையில் முக்காடோடு வந்து சேர்ந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பரவால்லியே. பழைய கலரே திரும்பி வந்துடுச்சி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் டின்னை எட்டிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. புதுச்சேரிக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த நீலம் இனி எங்கேயும் கிடைக்காது.

"ஊருல ஓடுற ஆட்டோவுக்கெல்லாம் அடிக்கறீங்க. எனக்குன்னா மட்டும் ஏங்க இப்புடி?" அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

மிக்கேல் டின் அடுக்குகிற பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். "பயமா இருக்குது ரெஜினா. ஊரான் வண்டியில தப்பு வந்தா அவன் ஒரு நாளு கத்திட்டுப் போயிடுவான். உன் வண்டியில தப்பு வந்தா வூட்டு வாசல்ல தெனமும் நிக்கும். நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. நான்தான் தெனமும் பாக்கணும். நல்ல நாளு வரட்டும், நல்ல நாளு வரட்டும்னே தள்ளிட்டேன்."

ரெஜினா முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகினாள்.   இந்த மனிதரை இத்தனை நாள் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று எனக்குத் தோன்றியது. சோம்பேறித்தனமும் கொஞ்சம் உண்டு, அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

"மேல பூத்ததெல்லாம் தேச்சி எடுங்க. தகட்ட எல்லாம் கழட்டுங்க. செராமிக்குக்குப் போலாம்" என்றாள்.

செராமிக் சூளையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொம்மை வேகிற சூளையின் சூடு வீணாகப் போகாது. பக்கத்திலேயே ஒரு கூடம் கட்டி அந்தச் சூட்டை அதற்குள் விட்டிருப்பார்கள். சுடாத பச்சைப் பொம்மைகள் அங்கே பலகைகளில் வரிசையாக உட்கார்ந்து காயும். அந்தப் பலகைகளின் ஓரத்தில் தொழிலாளிகளின் தூக்குச்சட்டிகளும் உட்கார்ந்திருக்கும். மத்தியானம் வரை சோறு சூடாக இருக்கும். மார்கழியில் ரெஜினா தன் தூக்குக்குப் பக்கத்தில் அடுத்த பொம்மைகளையும் வைத்து வெதுவெதுப்பாக்கித்தான் கண் எழுதுவாள். சில்லிட்ட பீங்கானில் வண்ணம் ஒட்டாது என்று அவளுக்கு யாரும் பிரசங்கம் செய்ததில்லை.

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் ஆர்டர் முடிந்து யூனிட்டில் வேலை குறைந்திருந்த நேரம். சூளைக்காரர் பழமலையும் சூப்பர்வைசர் ஆதிநாராயணனும் சம்மதிக்க வேண்டும். ஆதிநாராயணன் உடனே சம்மதித்தார்.

"தாராளமா அடிச்சிக்குங்க. எனக்குப் புது பெயிண்ட்டோட வண்டி கெடைக்குது."

"அடிச்சா எதுக்கு சார் விக்கறேன்?" என்றாள் ரெஜினா.

பழமலைதான் கறாராக நின்றார். "தகரம் எத்தினி வேணாலும் உள்ள வெய்யி. தின்னரு, பெயிண்டு எதுவும் இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான். வாசன வந்துச்சின்னா உன்னையும் சேத்து வெளிய தள்ளிடுவேன் மிக்கேலண்ணே."

அந்த வருஷத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் நானும் கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். மெதுவாகக் காயும் தின்னரை நானே எடுத்துப் போனேன், வேறெதையாவது ஊற்றிவிடப் போகிறாரே என்று. ஸ்கூட்டரின் முன்பக்கத் தகடும் மட்கார்டும் பக்கவாட்டு மூடிகளும் காயவைக்கும் கூடத்தில், பச்சைப் பிள்ளையார்களுக்கும் தூக்குச்சட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தன. வெளியே சுவருக்கு மறுபுறம், நல்ல வெயிலில், மயில் நீல டின் கம்பளியைக் கழற்றிவிட்டு ஒரு வாளி வெந்நீரில் நின்றது. மிக்கேல் அதைக் குச்சியால் கிளறி, குச்சியைத் தூக்கி, பெயிண்ட் ஒழுகுகிற அழகைப் பார்த்து, மறுபடி கிளறினார்.

"கொழந்தைக்கு எண்ண தேச்சி ஊத்திட்டீங்களா?" என்று கேட்டாள் ஒரு பெண். அவர் காதில் விழவில்லை.

வெயில் உச்சிக்கு வந்ததும் ஆரம்பித்தார். தகடு ஒவ்வொன்றாக வெதுவெதுப்போடு வெளியே வர வேண்டும், ஆறுவதற்குள் அடிக்க வேண்டும். செராமிக் வளாகத்தில் எங்கே காலை வைத்தாலும் வெள்ளைத் தூசி. அதனால் தரையெல்லாம் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அப்புறம் யாரும் நடக்கக் கூடாது என்றார். அப்புறம் யாரும் தும்மக் கூடாது என்றார். தலையில் பொம்மைப் பலகையோடு வந்த இரண்டு பெண்கள் அப்படியே நிறுத்தப்பட்டு, அவர் ஒரு தகடு முடிக்கும்வரை பலகையோடு நின்றார்கள். ஆதிநாராயணன் தன் சொந்த யூனிட்டில் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நீலம் பூக்கவில்லை. வழியவில்லை. வெயிலில் அது மின்னியபோது, வாயாடிப் பெண்கள்கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். டின்னில் அடி ஒட்டும் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. மிக்கேல் மூக்குத் துணியை இறக்கி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பல் இருக்கிறதே இவருக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் கன்னைக் கழுவத் திரும்பினார். அப்போதுதான் அது நடந்தது.

பொம்மை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்ணம் காய்ந்ததா என்று பார்க்கப் பொம்மையின் அடிப்பக்கத்தை, யார் கண்ணிலும் படாத ஓரத்தை, கட்டைவிரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பல வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்வது. கை தானாகப் போகும். ரெஜினா முன்பக்கத் தகட்டின் முன் குந்தி உட்கார்ந்து, தரையை ஒட்டிய கீழ் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

தகடு தலைகீழாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் அடி என்று தொட்டது உச்சி. வண்டியில் மாட்டினால் ஹெட்லைட்டுக்கு நேர் கீழே, எதிரே வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடம்.

விரலை எடுத்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. நீலத்தில் கட்டைவிரல் ரேகை வரி வரியாகப் பதிந்திருந்தது. எழுந்து நின்றாள். பலகை சுமந்த பெண்களும், பழமலையும், ஆதிநாராயணனும், நானும், எல்லோரும் மிக்கேலைப் பார்த்தோம்.

அவர் வந்தார். குனிந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டுமானால் முதலில் அது நன்றாகக் காய வேண்டும். இந்தக் குளிரில் நாளைக்குள் அது நடக்காது. மிச்சம் இருக்கிற பெயிண்டும் ஒரு தகட்டுக்குக் காணாது. இது எல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரயில்வே அதிகாரியின் கார்க் கதவு என் ஞாபகத்துக்கு வந்தது. மிக்கேலின் வாய் "பொங்க" என்று குவிவதை நான் என் கண்ணால் பார்த்தேன். "பொங்கலு போவட்டும்" என்றுதான் வரப்போகிறது.

ரெஜினா அந்த விரலை முந்தானையில் துடைக்கவும் இல்லை. நீட்டியபடியே வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மிக்கேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"என்னா, வெந்துடுச்சா?" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் வேவணுங்க" என்றாள்.

"சரி வுடு. நாளைக்கு மாட்டிடலாம்."

புது வருஷத்தன்று மயில் நீல ஸ்கூட்டர் வரிசையில் நின்றது. சின்னச் சாமியார் தீர்த்தச் செம்போடு நெருங்கியபோது மிக்கேல் குறுக்கே பாய்ந்தார். "சாமி, தண்ணி வேணாம் சாமி, முழுசா காயல. சீட்டு மேல மட்டும் தெளிங்க." சாமியார் சீட்டுக்கு மட்டும் தெளித்தார். மீதியை மிக்கேல் தலையில் தெளித்துவிட்டுப் போனார். இந்தத் தடவையும் வரிசை சிரித்தது. ரெஜினாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஆதிநாராயணன் மகளுக்கு வேறு ஸ்கூட்டர் பார்த்துக்கொண்டார்.

சித்திரை வந்தது. புழுதி இல்லாத, காற்று இல்லாத, பெயிண்டர்கள் கனவு காண்கிற மாதிரியான ஒரு வாரமும் வந்தது. மிக்கேல் அந்தக் கட்டைவிரலைத் தினமும் வாசலில் பார்த்துப் பார்த்து இளைத்தே போயிருந்தார்.

"ரெஜினா, ஒரே ஒரு நாளு வண்டியக் குடு. அந்த எடத்த மட்டும் தேச்சி, இருக்கற பெயிண்ட வெச்சி அடிச்சித் தரேன்."

"உங்ககிட்ட ஒரு நாளுக்குக் குடுத்தா மூணு வருசத்துக்கு வராது. போங்க, ஆட்டோ நிக்குது."

அதன் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. சாவியை அவள் இடுப்பிலிருந்து எடுத்ததே இல்லை.

அடுத்த மார்கழி. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு டிராக்டருக்கு ஒடுக்கு எடுக்கப் போன மிக்கேல் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. அவர் கேட்டிருந்த, தகரம் தேய்க்கிற வாட்டர் பேப்பரைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நான் வீட்டுக்குள் போனேன். ரெஜினா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த டின். அடியில் கொஞ்சம்தான் நீலம் இருக்கும். மூடியைத் தட்டி இறுக்கி, டின்னைத் தலைகீழாகத் திருப்பி, அண்ணன் கொடுத்த கம்பளியை அதற்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"அவரு வர நேரமாவும் அக்கா. தர ஜில்லுன்னு இருக்குது" என்றாள்.

"சரிம்மா" என்றேன். 

கம்பளியின் முனையைச் செருகி, டின்னைப் பலகை மேல் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க அக்கா. அப்புறம் வண்டியக் கேப்பாரு."